புகார் ஏதும் இல்லை

வாசலில் வந்து நிற்பது ஜீப்பா, பால் வண்டியா என்று சத்தத்தை வைத்தே எனக்கு இப்போது சொல்லத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் குற்றவியல் நீதிமன்றங்களில் வேலை பார்த்தபோது வராத இந்த ஞானம், ஓய்வு பெற்ற பிறகு ஒரே காலையில் வந்தது.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக வெளியே வந்தவள் நான். மனுவில் எவ்வளவு ஓரம் விட வேண்டும், எந்தப் பிழைக்கு எந்தக் காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் தெருவில் பெரும்பாலும் நெசவாளர் குடும்பங்கள். அவர்களுக்கு நான் கோர்ட்டம்மா. வாரிசுச் சான்றிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் என்னிடம்தான் வருவார்கள். நீதிமன்றத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அவர்களைக் கேட்டதில்லை. வருகிற மரியாதையைக் கெடுத்துக்கொள்வானேன்.

அன்று எனக்குக் கருவூலத்தில் நேர்காணல். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். கூட்டம் சேர்வதற்குள் போய்விடலாம் என்று விடிந்தும் விடியாமல் எழுந்து, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து சீர் செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். என் வீட்டு வாசலுக்கு நேராக, முனைக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எதிர்வீட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அவர் மனைவி நடுவில் நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தாள்.

பாவு இருந்ததால் போலீஸ் ஜீப் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சாதாரண உடையில் மூன்று பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் எதிர்வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, "நீதானே?" என்றார்.

"ஆமா சார். இன்னா சார்?"

"வா. சின்ன விசாரணை. ஐயா கூப்புடுறாரு."

"பாவு கெடக்குது சார். ஒரு அர மணி நேரத்துல நானே வந்துடுறேன்."

இரண்டாவது ஆள் சட்டைக் காலரைப் பிடித்தார். அப்போதும் எதிர்வீட்டுக்காரர் கழியை விடவில்லை. "இரு சார், விட்டா மொத்தமும் சுருண்டுக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, இத்த கொஞ்சம் புடிங்க."

பால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கழியை வாங்கிக்கொண்டேன். அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். அழைத்துக்கொண்டு என்று எழுதுவது என் தொழில் பழக்கம். இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி கத்தினாள். ஆனால் இழையை விடவில்லை. யாருமே விடவில்லை. எல்லோர் கையிலும் வேலை இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

நான் அவளிடம் தைரியமாகச் சொன்னேன்: "இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுல நிறுத்தியே ஆகணும்மா. சட்டம் அப்படி." சொல்லிவிட்டுக் கருவூலத்துக்குப் போய், உயிரோடு இருப்பதாகச் சீட்டு வாங்கி வந்தேன்.

எந்தக் காவல் நிலையம், எந்த நீதிமன்றம் என்று எழுதப்போவதில்லை. எதிர்வீட்டுக்காரர் மனைவி நிலையத்துக்குப் போனபோது அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் மாலைதான் தகவல் வந்தது. அன்று காலைதான், பேருந்து நிலையம் அருகே வாகனச் சோதனையின்போது, திருட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவரைப் பிடித்ததாகக் காவல் அறிக்கையில் எழுதியிருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு மிதிவண்டிதான் ஓட்டத் தெரியும். வலது கை வீங்கியிருந்ததற்குக் காரணம், நிலையத்துக் கழிவறையில் வழுக்கி விழுந்தது. நான் பார்த்த கோப்புகளில் எல்லாம் கழிவறை, விசாரணைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் வழுக்கியிருக்கிறது. அங்கேயே வருடக்கணக்கில் வேலை பார்க்கிற ஒருவர்கூட விழுந்ததில்லை.

கிளைச் சிறையில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அவள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வெரலு மடங்கவே இல்லம்மா. கட்டு கூட போடல. துணி சுத்திக்கினு இருக்காரு. இப்டியே வுட்டா கோணலா கூடிக்குமாம், பக்கத்துல இருக்கறவரு சொன்னாராம்."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கோர்ட்டுல எதுவும் எழுதலியாம். எழுதினாத்தான் அனுப்புவாங்களாம்."

நடைமுறை அதுதான். நீதித்துறை நடுவர் முன்னால் நிறுத்தும்போது அடித்தார்களா என்று கேட்பார்கள். அடித்தார்கள் என்று பதிவானால் மருத்துவப் பரிசோதனை, எக்ஸ்ரே. பதிவாகவில்லை என்றால் கை, பதிவின்படி, நன்றாகவே இருக்கிறது.

மூன்றாவது நாள் எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்து அம்மா ஸ்கூட்டரில் வந்தார். அவரோடு சென்னையிலிருந்து ஒரு வக்கீல் பெண். மனித உரிமை அமைப்பு ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். என் மகள் வயது. அந்த அமைப்புகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. தலைப்பில் ஆறு பெயர் போட்டு மனு கொண்டுவருவார்கள். இணைப்பில் பக்க எண் இருக்காது. அப்படிப் பல மனுக்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வக்கீல் பெண் நீதிமன்ற உத்தரவின் நகலை என்னிடம் நீட்டினாள். "நீங்க இதையெல்லாம் பார்த்திருப்பீங்க. ஒரு தடவை படிச்சுப் பாருங்கம்மா."

படிக்கத் தேவையே இருக்கவில்லை. பக்கத்தின் நடுவில் ஒரு வரி மட்டும் கையெழுத்தில் இல்லை. ரப்பர் முத்திரை. 'காவலர் துன்புறுத்தல் குறித்துப் புகார் ஏதும் இல்லை.' புகார் என்பதில் துணைக்கால் நசுங்கி, 'புகர்' என்று விழுந்திருந்தது.

அந்த முத்திரையைச் செய்யச் சொன்னவள் நான். பதினைந்து வருடம் முன்பு அதே நீதிமன்றத்தில் நடுவரின் அருகே உட்கார்ந்து எழுதுகிற வேலையில் இருந்தேன். ஒரு நாளைக்கு இருபது பேர் வருவார்கள். கேள்வி ஒன்றுதான், எழுதுகிற வரியும் ஒன்றுதான். கை வலிக்கிறது என்று கடைத்தெருவில் கொடுத்துச் செய்து வாங்கினேன். ஒருநாள் கீழே விழுந்து துணைக்கால் நசுங்கியதும் என் காலத்தில்தான். நடுவர் கேட்பார். கூட்டிவந்த காவலர் பின்னாலேயே நிற்பார். வந்தவர் தரையைப் பார்ப்பார். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். பதில் வராவிட்டால் முத்திரை. மூன்று என்பது என் கணக்கு. சட்டத்தில் எங்கும் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நகலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அவரை முந்தின நாளே பிடிச்சாங்கன்னு சொல்ல ஒருத்தர் வேணும். ஒரு நாள் முழுக்கக் கணக்கில்லாம வெச்சிருந்தாங்கன்னு வந்தாத்தான் கைக்கு என்ன ஆச்சுன்னு கேட்க முடியும்" என்றாள் வக்கீல் பெண். "தெருவுல யாரும் பார்க்கலைன்னு சொல்றாங்க."

"நானும் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். மனுவை அப்படியே போட்டு வைப்பதற்கு நாங்கள் பயன்படுத்துகிற வார்த்தை அது. சங்கத்து அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "யோசிங்க யோசிங்க. அதுக்குள்ள எலும்பு கூடிக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

மறுநாள் மதியம் காவல்துறைத் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். தண்ணீர் கேட்டு, சொம்பைத் தூக்கிக் குடித்தார்.

"அம்மா நம்ம டிபார்ட்மென்ட் மாதிரிதானே. அதான் உரிமையா வந்தேன்."

"சொல்லுங்க."

"சும்மாத்தாம்மா. வெளியூர்க்காரங்க யாரோ வந்து போறாங்களாமே இந்தத் தெருவுக்கு." சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "செவிலிமேட்டுல இருக்கறது உங்க பொண்ணுதானே? மாப்ள பாஸ்போர்ட்டு வெரிஃபிகேஷன் வந்துக்குது. நாங்கதான் பாக்கறோம். ஒண்ணும் பிரச்சன இருக்காது."

எழுந்தவர், வாசலில் செருப்பைப் போட்டபடியே கேட்டார்: "கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினீங்களாமே. இப்ப தூரத்துல இருக்கறதெல்லாம் தெரியுதா?"

"பரவாயில்ல."

"பாத்துக்கங்க. வயசாச்சுன்னா இருக்கறது இல்லாத மாதிரி தெரியும், இல்லாதது இருக்கற மாதிரி தெரியும்."

சொம்பை எடுத்துக் கழுவினேன். துடைத்தேன். மறுபடியும் கழுவினேன். ஒரு வார்த்தைகூட மிரட்டவில்லை அந்த மனிதர். புகார் கொடுக்கலாம் என்றால் எதை எழுதுவது? தண்ணீர் குடித்தார், நலம் விசாரித்தார். நானே அந்த மனுவைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்றிலிருந்து காலையில் பால் வாங்க நான் போகவில்லை, கணவர் போனார். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். முசரவாக்கத்திலிருந்து தம்பி போன் செய்து, "அக்கா, ஒரு பத்து நாள் இங்க வந்து இரேன்" என்றான். அவனுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

கணவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நான்கு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சாப்பிடும்போது சொன்னார்: "முப்பத்துமூணு வருஷம் அடுத்தவன் பயத்துக்கு நம்பர் போட்டு அடுக்குனே. இப்ப உன்னுத எந்த ரிஜிஸ்டர்ல போடறதுன்னு தெரியல, அதான?"

"கிண்டல் பண்ணாதீங்க. மாப்பிள்ளை பாஸ்போர்ட் போயிடும்."

"போவட்டும். அவன் கை ரெண்டும் நல்லாத்தான இருக்குது?"

எட்டாம் நாள் டவுன் பஸ் ஏறிச் செவிலிமேடு போனேன், மகள் வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஒரு கூடையோடு. அங்கே வக்கீல் பெண் சொல்லியிருந்த வீட்டு மாடியில் அவளும் மற்றவர்களும் கூடியிருந்தார்கள். ஒரு அமைப்பு இருக்கும் என்று நினைத்தேன். அறையில் மூன்று அமைப்புகள். நான்காவது, டெல்லியிலிருந்து, போனில். ஒன்றுக்கொன்று பங்காளி அமைப்புகளாம். எங்கள் பக்கம் பங்காளிகள் என்றால் வரப்புக்காகச் சண்டை போடுகிறவர்கள். இவர்களும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மனைவியின் படத்தோடு உடனே அறிக்கை வெளியிட வேண்டும் என்றது டெல்லிக் குரல். வக்கீல் பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பொண்ணு நாளைக்கு தெருக் குழாயில தண்ணி புடிக்கணும்மா. டெல்லிக்கு வந்தா புடிக்கும்?" என்றார் சங்கத்து அம்மா.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மருத்துவர், அறிக்கை இருக்கட்டும், எலும்பு முறிவு மூன்று வாரத்துக்கு மேல் போனால் எப்படி ஏற்பட்டது என்று சொல்வது கஷ்டம் என்றார். ஆளுக்கொன்று பேசி ஓய்ந்ததும் எல்லோரும் எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர் சொல்வதே முடிவு என்று தங்களுக்குள் எழுதி வைத்திருக்கிறார்களாம். எவ்வளவோ ஒப்பந்தங்களைப் பார்த்த எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

அவள் சொன்னாள்: "போட்டோ வேணாம். கைய மட்டும் பாக்கச் சொல்லுங்க."

சரி என்று போனில் குரல் வந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் ஆச்சரியப்பட்டேன் என்பதை அங்கே காட்டிக்கொள்ளவில்லை.

அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்தான் என்னைக் கையெழுத்து வரை கொண்டுபோனது. ஊர்ச் சங்கம் தெருவைப் பார்த்துக்கொள்ளும். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்லும். சென்னை எழுதும், வாதாடும். மருத்துவர் காயத்தைப் பற்றி மட்டும் பேசுவார். டெல்லி அமைப்பு மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டு, இங்கே யாருக்காவது ஒன்று என்றால் அங்கிருந்து கேட்கும். "நீங்க கையெழுத்துப் போட்ட அரை மணி நேரத்துல இது நாலு ஊர்ல இருக்கும்மா" என்றாள் வக்கீல் பெண். ஒரு காகிதம் காணாமல் போக வேண்டுமானால் அது ஒரே அலமாரியில் இருக்க வேண்டும். அந்த வித்தை எனக்குத் தெரியும். இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துவிட்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"குடு, நானே படிச்சுக்கறேன்."

"இல்லம்மா. யாரா இருந்தாலும் படிச்சுத்தான் காட்டுவோம்."

'படித்துக் காட்டக் கேட்டேன், சரி' என்று என் கையால் எத்தனை வாக்குமூலங்களுக்குக் கீழே எழுதியிருக்கிறேன். யாருக்கும் படித்துக் காட்டிய நினைவில்லை. பேசாமல் கேட்டேன். 'காவலர்கள் மேற்படி நபரை அழைத்துச் சென்றதை என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன்' என்ற வரி வந்தது.

"பார்த்தேன்னு போடாதே" என்றேன். ஏட்டு என் கண்ணைப் பற்றி விசாரித்தது நினைவுக்கு வந்தது. "அவர் கையிலருந்து வாங்கிப் பிடிச்சேன்னு போடு. 'அவர்கள் அவரை இழுத்துச் சென்றபோது நான் பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.'"

அவள் விரல் நின்றது. "எந்தப் பொண்ணும்மா?"

"பொண்ணா?"

"பாவைன்னீங்களே."

எதிர்வீட்டுக்காரர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "பொண்ணு இல்ல மேடம், பாவு. பட்டு நூலு. தெருவுல நீட்டுவோமே." வக்கீல் பெண்ணும் சிரித்து, நெற்றியில் தட்டிக்கொண்டு, 'பட்டுப் பாவின் முனைக் கழியை' என்று திருத்தினாள். தேதிக்கு ஆதாரம் கேட்டாள். கருவூலச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தேதியில் நான் உயிரோடு இருந்ததற்கு அரசாங்கமே சாட்சி.

கையெழுத்துப் போட்டேன். பயம் போகவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என் பின்னால் ஏறிய ஒவ்வொருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் காவல் நீட்டிப்பு. சிறையிலிருந்தே வீடியோத் திரை வழியே காட்டி முடித்துவிடுவது இப்போது வழக்கம். மனுப் போட்டு நேரில் கொண்டுவர வைத்திருந்தாள் வக்கீல் பெண். பின் வரிசையில் சங்கத்து அம்மா, மருத்துவர், எதிர்வீட்டுப் பெண், என் கணவர், நான். பேச யாருக்கும் அனுமதி கிடையாது. உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் வேலை. நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் என்னிடம் வேலை கற்றவர். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்து சிரித்தார். அவர் மேசையில் மைப்பெட்டி திறந்திருந்தது.

எதிர்வீட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். கையில் அதே துணி. காவலர் பின்னால் ஒட்டி நின்றார். நடுவர் கேட்டார்: "போலீஸ் மேல புகார் ஏதாவது இருக்கா?"

வக்கீல் பெண் எழுந்தாள். "நீங்க உட்காருங்க. நான் அவரைத்தான் கேட்கிறேன்" என்றார் நடுவர். அவர் கேட்டதில் தவறில்லை. எதிர்வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

ஒன்று. முத்திரை மைப்பெட்டியில் அழுந்துகிற சத்தம் கேட்டது. அந்த அறையில் அது கேட்டது எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். இரண்டு.

எழுந்துவிட்டேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அவர் இன்னும் பதில் சொல்லல. மூணு எண்ணிட்டு முத்திரை போட்டுடுவாங்க."

"யாரும்மா நீங்க?"

சாட்சி என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கலாம். "அந்த முத்திரையச் செஞ்சது நான்தான் ஐயா" என்றேன்.

எழுத்தரின் கை முத்திரையோடு அந்தரத்தில் நின்றது. நடுவர் அதைப் பார்த்தார். என்னை உட்காரச் சொன்னார். காவலரை நான்கு அடி தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு, "நிமிர்ந்து என்னைப் பாருங்க. கைக்கு என்ன ஆச்சு?" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்தார். முதலில் மனைவியை, பிறகு என்னைப் பார்த்தார். துணியை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. யாரும் எண்ணவில்லை.

"வழுக்கி விழலீங்க. ஒரு நா முன்னாடியே புடிச்சாங்க. அன்னிக்கிதான் அடிச்சாங்க. பாவு கழி புடிக்க முடியல சாமி."

எழுத்தர் முத்திரையை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார். நான்கு வரி கையால் எழுத வேண்டியிருந்தது.

எக்ஸ்ரேயில் இரண்டு விரலிலும் முறிவு தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். ஒன்று மடங்குகிறது, இன்னொன்று மடங்கும் என்கிறார் மருத்துவர். எதிர்வீட்டுக்காரர் பிணையில் வீட்டில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது. ஆணையத்தில் எங்கள் மனுவுக்கு எண் கொடுத்துவிட்டார்கள். பக்க எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் பார்த்துத்தான் அனுப்பினேன்.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டுகிறது. ஏட்டு கடைத்தெருவில் பார்த்தால், "கண்ணு எப்டிம்மா இருக்குது?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு நிற்பதில்லை.

பால் வாங்க மறுபடியும் நான்தான் போகிறேன். விடிகாலையில் தெருமுனையில் வண்டி வந்து நின்றால் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். ஒன்று, இரண்டு. மூன்றுக்குள் நகர்ந்துவிட்டால் அது பால் வண்டி.